ஆறு கிழமை

கிரிஃபித் கோழி ஆலையில்
பதினொரு வருசம் நெஞ்சறுத்தேன்.
கூலிக்கு மாரடிக்கிறது என்பார்களே,
நான் கூலிக்கு மாரறுத்தவள்.

கொக்கியில் தலைகீழாக வரும்.
இடது பெருவிரலால் நடு எலும்பைத் தடவிப் பிடிக்கவேண்டும்.
படகின் அடியில் ஓடும் ஏராவைப் போல
துருத்திக்கொண்டு நிற்கும் அது.
அதன் இரு கரையிலும்தான் பறக்கிற சதை,
ஒருநாளும் ஒரு முழம் பறந்திராத சதை.
கத்தி எலும்போடு உரசிப் போகவேண்டும்.
எலும்பில் மிச்சம் தங்கினால்
டொமினிக் தராசோடு வருவான்.

ஏராவின் நுனி மட்டும் குருத்து.
நகத்தால் அழுத்த வளையும்.
எலும்பாவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை,
ஆறு கிழமையில் கொக்கிக்கு வந்துவிடுகிறது கோழி.

ஹே போகிற வீதியில், வேலிக்கப்பால் நிற்கும் ஈமுவுக்கு
ஏராவே இல்லையாம், தட்டை நெஞ்சாம், தெப்பம் மாதிரி.
பக்கத்தில் நின்று அறுக்கும் ஸெலினி சொன்னாள்.
பறக்காததுக்கு எதற்கு ஏரா என்றாள்.
அப்போ எங்களுக்கு? என்று கேட்டேன்.
காதடைப்பானைக் கழற்றி “என்ன?” என்றாள்.
அதற்குள் மணி அடித்துவிட்டது.

கன்பெராவில் என் நெஞ்சைத் திறந்தார்கள்.
சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று
வால்வைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது.
டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார்:
மேலே பிடி, நடுவே அலகு, கீழே முனை,
உறையிலிட்ட குத்துவாள் ஒன்று.
எத்தனை சோதனைச்சாவடி தாண்டி வந்தேன்,
ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.

அதை நெடுக அறுத்து,
வேலை முடிந்ததும் ஏழு உருக்குக் கம்பியால்
வேலி கட்டுகிற மாதிரி முறுக்கிக் கட்டினார்கள்.
இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதே.
கதிரையில் கை ஊன்றி எழும்பாதே.
இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணை.
எலும்பு பொருந்த ஆறு கிழமை.

ஆறு கிழமை!
ஓடு உடைத்து, தின்று, கொழுத்து,
ஒன்று முடிந்தே போகிற காலம்.

மூன்றாம் கிழமை, விடியப்புறம்,
வவுனியாவிலிருந்து அழைப்பு.
அண்ணா. மோட்டார் சைக்கிளோடு, மதவடியில்.
வீடியோவில் மச்சாள் தவமலர் மாரில் அடித்தாள்.
பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் அடித்தார்கள்.
தொலைபேசி அந்தச் சத்தத்தை
இரைச்சல் என்று நினைத்து
வடிகட்டி வடிகட்டி அனுப்பியது.
வாய்கள் மட்டும் திறந்து மூடின.

என் கை தானாக எழும்பி
பாதியில் நின்றது.
ஏழு கம்பி.
ஆஸ்பத்திரி தந்த சிவப்புத் தலையணையை எடுத்தேன்,
விலைச்சீட்டு இன்னும் மூலையில் தொங்கியது.
இருமல்காரியைப் போல அதை இறுக்கிக்கொண்டு,
மூச்சை அளந்து அளந்து அழுதேன்,
இரண்டு கிலோவுக்கு மிகாமல்.

பதின்மூன்றாம் கிழமை ஆலைக்குப் போனேன்.
கத்தி வேண்டாம், பொதி பண்ணு என்றான் டொமினிக்.
தட்டுத் தட்டாக நெஞ்சு போகிறது,
எலும்பில்லாமல், ஈரமாக,
மேலே பொலித்தீன் போர்த்தி.
ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை.

தேநீர் நேரத்தில்
கழிவறைக் கதவைத் தாழிட்டேன்.
மேலங்கியோடே ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
பேந்து இன்னொருமுறை, கொஞ்சம் பலமாக.
தாங்கியது.
அண்ணா, என்றேன்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று
வெளியே நின்ற யாரோ
பதிலுக்குத் தட்டினார்கள்.