தயாரிப்பாளர் என்ற கட்டம்

குரோனிங்கனில் அன்று விடாத மழை.
மிதிவண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி
விப்ரன் ஹைட்ஸ்மா கொண்டுவந்த பெட்டிக்குள்
வெள்ளிப்பூச்சு கறுத்துப்போன ஆல்டோ சாக்ஸபோன்.
மாமனார் விட்டுப்போனதாம்.
"யார் செய்தது, எந்த ஊர், ஒரு வரி எழுதிக்கொடுங்கள்.
பெயர் இருந்தால்தான் விலை."

மலர்ந்த வாயில், பூவேலைக்கு நடுவே
ரோசாமுண்ட், ராட்டர்டாம் என்றிருந்தது.
அது விற்ற கடை.
பெற்றது ஒரு வீடு, பெயர் வைத்தது இன்னொரு வீடு;
அந்தக் காலத்து வியாபாரம் அப்படி.

கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே ஐந்து இலக்கம்.
என்னிடமுள்ள எந்தப் பட்டியலுக்கும் அது சொந்தமில்லை.
துளைகளின் விளிம்பு சுருட்டப்படவில்லை.
அடிஸ்வரச் சாவிகள் இரண்டும் இடப்பக்கம்.
அமெரிக்காவோ?
திருகின் மரை மில்லிமீட்டர் பேசியது,
அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பினேன்.
பாரிஸ் பட்டறைகள் இவ்வளவு ஈயம் சிந்தாது
என்பது என் நம்பிக்கை, ஆதாரம் இல்லை.
மிச்சம் போஹீமிய எல்லை. கிராஸ்லிட்ஸ்.
இன்றைக்கு அது கிராஸ்லிட்செ.
ஊரே பெயரை மாற்றிக்கொண்ட பிறகு
யாரிடம் போய் ஊர் கேட்பது?

காப்புத் தகட்டைக் கழற்றினேன்.
அடியில், வாசித்தவர்கூடப் பார்த்திராத இடத்தில்
மூன்று கீறல், ஒரு புள்ளி.

கை அப்படியே நின்றுவிட்டது.
இதே கீறலை, இதே புள்ளியை
போன மார்ச்சில் பார்த்திருக்கிறேன்,
பவேரியாவிலிருந்து வந்த ஒரு டெனரில்.
அது போருக்குப் பிந்தையது.
வேறு கம்பெனி, வேறு நாடு.
தலைக்கு இத்தனை கிலோ என்று நிறுத்து
எல்லை தாண்டி விரட்டினார்களே, அந்த வருடம்
இந்த அரம்
எந்தச் சட்டைக்குள் ஒளிந்து போனதோ.
அல்லது இரண்டு பேர்,
ஒரே குரு, ஒரே பழக்கம். அதுவும் இருக்கலாம்.

விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
அரம் ஓடிய தடமெல்லாம்
என் அரம் சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
டெனரிலும் அப்படித்தான், இப்போதுதான் உறைக்கிறது.

விப்ரன் கடிகாரம் பார்த்தார்.
அடிஸ்வரம் ஒன்று ஊதினேன். எங்கோ காற்று கசிந்து
மாடு தும்மினாற்போல் முடிந்தது.

ரசீதில் ஊர் என்ற கட்டத்தில்
கிராஸ்லிட்ஸ், ஒருவேளை.
தயாரிப்பாளர் என்ற கட்டத்தில்
இடக்கைக்காரர்.

"இது பெயரில்லையே."
இல்லைதான். நாற்பது யூரோ.

முப்பத்தைந்தை எண்ணி வைத்துவிட்டு
ரோசாமுண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு
மழைக்குள் மிதித்தார்.
கயிற்று முடிச்சு சரியில்லை என்று
கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டிருக்காது.