அரைத் திருகு

எனக்கு வந்தது அடைப்பு இல்லை, உடைப்பு.
கோத்தகிரியில் இருபத்தாறு வருஷம்
தண்ணீர் திறந்துவிட்டவனுக்கு
டாக்டர் அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.
ஸ்கேன் படத்தில் வெள்ளையாய்க் கிடந்த இடத்தை
அவர் பேனாவால் வட்டமிட்டபோது
எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றியது.
வாய்தான் வரவில்லை.

மேட்டுத் தெருவுக்கு ஏறட்டும் என்று
வால்வை முழுசாய்த் திறந்தால்
பள்ளத்தில் குழாய் பிளக்கும்.
பள்ளத்துக்குப் பயந்து குறைத்தால்
மேட்டில் குடத்தோடு நின்று
என் பரம்பரையையே இழுப்பார்கள்.
எத்தனை திருகு என்று கைக்குத் தெரியும்.
பதினொன்றரை.
அந்தக் கை, வலது கை.

மாத்திரையை நிறுத்தியது நானேதான்.
ஆடி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து
நான்கு நாள் மருந்துக்கடையில் சரக்கு இல்லை.
ஐந்தாம் நாள் வந்தது.
நான் போகவில்லை.
தலைவலி உண்டா, இல்லை. மயக்கம் உண்டா, இல்லை.
நல்லாத்தானே இருக்கேன்.
வசந்தராணி கேட்டபோதெல்லாம்
போட்டாச்சு என்றேன்.
எழுபத்திரண்டு நாள்.
எண்ணியது பிறகு, கோயம்புத்தூர் வார்டில்,
இடது கை விரல்களை மடக்கி.

ஐப்பசி முதல் நாள், விடியுமுன்
வால்வுக் குழிக்குள் சாவி நழுவி விழுந்தது.
குனிந்தேன்.
எடுக்க வேண்டிய கை எடுக்கவில்லை.
திறந்தது திறந்தபடி கிடந்ததில்
பள்ளத்து லைன் அன்றைக்கு
இரண்டு இடத்தில் உடைந்ததாம்.
மூன்றாவது இடத்தை யாரும் புகார்ப் புத்தகத்தில் எழுதவில்லை.

இப்போது மேசைமேல் மெஷின்.
ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார வேண்டும், பேசக் கூடாது.
வசந்தராணி பட்டையைச் சுற்றுகிறாள்.
அது கையை இறுக்கி, கொஞ்சம் யோசித்து, விடுகிறது.
நோட்டில் எழுதுவது நான்.
இடது கைக்கு மூன்று இன்னும் படியவில்லை,
நூற்று முப்பது எழுதினால்
நடுவில் ஒரு புழு நெளிகிறது.
உறைபனி விழுந்த காலை: 148.
பக்கத்து வீட்டுக் கல்யாணத்து ஊறுகாய்: 156.
ஊறுகாய் என்று நோட்டில் எழுதவில்லை.
அவள் எழுதினாள்.

புது மாத்திரை சேர்ந்த வாரம்
கட்டிலைவிட்டு வெடுக்கென எழுந்து
பீரோவில் முட்டிக்கொண்டேன். 98.
மேட்டுத் தெருவுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.
பயந்துபோய் அவள்
இன்னைக்கு ஒண்ணை விட்டுடலாமா என்றாள்.
வேண்டாம் என்றேன், குழறி, மூன்று முறை.
நிறுத்துகிற வேலையை நான் ஒருதரம் பார்த்தாயிற்று.
போன் போட்டோம். டாக்டர் அதைப் பாதியாக்கி
ராத்திரிக்கு மாற்றினார்.

எதிர்வீட்டு போஜனுக்கும் பக்கவாதம்.
அவருக்கு அடைப்பு.
தன் பட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கிழித்து வந்தார்,
எனக்கு உசிர் குடுத்ததே இதுதான் என்று.
ரத்தத்தை இளக்கும் மாத்திரை.
அவருக்கு அது உயிர்; எனக்கு
ஒட்டுப் போட்ட குழாய்மேல் மண்வெட்டி.
வசந்தராணி டீயோடு திருப்பிக் கொடுத்தாள்.
அவர் கோபித்துக்கொண்டு
ஒரு வாரம் பேசவில்லை.
இப்போது சேர்ந்து நடக்கிறோம்.
அவருக்கு இழுப்பது இடது கால், எனக்கு வலது.
அவர் இடப்பக்கம் வந்தால்
நடுவில் நல்ல கால் இரண்டும் உரசிக்கொண்டு போகும்.

அதிகாலையில் யாரோ திறக்கிறார்கள்.
குழாய் முதலில் இருமும்,
பிறகு காற்று, பிறகு துருப்பிடித்த ஒரு மடக்கு.
சத்தத்தை வைத்தே எண்ணிவிடுவேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
நின்றுவிட்டது.
"அரைத் திருகு பாக்கி" என்கிறேன்.
"பேசாதீங்க, பட்டை கட்டியிருக்கு" என்கிறாள்.
பித்தானை மறுபடி அழுத்துகிறாள்.
முதலிலிருந்து.