அஞ்சு போதும்

தேர்தல் அறிவித்த மறுநாள்
காங்கேயம் ஸ்டேஷனுக்கு மஞ்சப்பையில் கொண்டுபோனேன்.
மேலே ஒரு சீப்புக் கதளிப்பழம்,
கீழே நாற்பத்தஞ்சு போர்.

ரைட்டர் குப்புராஜ் புதுசு.
ரசீதுக்குக் கார்பன் வைத்துக்கொண்டே கேட்டார்,
"ஆட்டோமேட்டிக்குங்களா?"
இல்லீங்க. இது எதையும் தானாகச் செய்யாது.

அதற்காகத்தான் இதை வாங்கினேன்.
ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை.

எண்பத்தாறில், வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருத்தர்
ஊரைக் காலி செய்யும்போது கொடுத்தது.
ஈரோட்டுக் கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தேன்,
எட்டாவது தடவையிலிருந்து பியூன் டீ வாங்கிக் கொடுத்தான்.
கையில் வாங்கியதும் தெரிந்துபோயிற்று:
கைப்பிடி, மேழியின் வளைவு.
சுட்டால் உதைக்காது.
உள்ளங்கைக்குள் உருண்டு மேலேறி
சுத்தியலைக் கட்டைவிரலுக்கே கொண்டுவந்து நீட்டும்,
அடுத்ததுக்கு என்ன சொல்றே என்று.

மச்சினன் மகள் கோகிலவாணி பல் டாக்டர்,
கோயமுத்தூரில் கிளப்புக்குப் போகிறவள்.
அவள் சுட்ட துளைகளை ஒரு எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம்.
என்னுடையதுக்குத் தட்டம் வேண்டும்.
"இத்தனை பெரிய குண்டு எதுக்கு மாமா?"
பெரிசா இருந்தால்தான்
எடுக்கும்போதே யோசனை வரும் என்றேன்.
அது பாதி பொய்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
நெஞ்சுக்கூட்டில் நெல்லு மூட்டை இறக்கின மாதிரி.

தோட்டா வருசத்துக்கு எண்ணித்தான் கிடைக்கும்.
பரவாயில்லை, எண்ணத் தெரியும்.
ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நாலு போட்டு,
சுத்தியலை இழுத்து, மெல்ல இறக்கினால்
விட்ட அறைமேல் வந்து உட்காரும்.
ஆறு அறை, அஞ்சு தோட்டா.
கை தவறி விழுந்தாலும் வெடிக்காது.
"ஆறும் போடலாமுல்லங்க?" என்றார் குப்புராஜ்.
போடலாம்.

இழுக்கையில் நாலு சத்தம்.
நாலும் நாலு விதம்;
கண்ணை மூடிக்கொண்டு எதுவென்று சொல்வேன்.
தொண்ணூற்றெட்டு மார்கழியில்
ஆயில் மில்லுக்குப் பின்னால், கொப்பரைக் களத்தில்
ராத்திரி ஒரு சாக்கு நகர்ந்தது.
ஒன்று.
யாரது என்றேன். இரண்டு.
மூன்றாவதில் சாக்கு இருமியது.
லோடுமேன் செங்கோடனின் தம்பி மாரப்பன்,
குடித்துப்போட்டுக் குளிருக்குப் புகுந்தவன்.
ஏற்றினதை இறக்குவது
சுடுவதைக் காட்டிலும் கஷ்டமுங்க.
கட்டைவிரல் வழுக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது.
அன்றைக்கு வேர்த்தது.
மாரப்பன் இப்போது வெள்ளகோவிலில் புரோட்டாக் கடை வைத்திருக்கிறான்.
காசு வாங்க மாட்டேன் என்பான்,
ஏன் என்று அவனுக்கே தெரியாது.

ஓட்டு எண்ணி முடித்து, யாரோ ஜெயித்து,
வெடிச் சத்தமெல்லாம் ஓய்ந்தபின் போனேன்.
அட்டையைக் கயிற்றில் கட்டித்
தகர அலமாரியில் படுக்க வைத்திருந்தார்கள்,
எண்ணெய் காணாத மூஞ்சியாக.
பக்கக் கதவைத் திறந்து சிலிண்டரைத் திருப்பினேன்.
வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம்,
வெளிச்சம், வெளிச்சம்,
மண்.

குளவி.
குழல் வழியாக உள்ளே போய்
நேரே இருந்த அறையில் கூடு கட்டி அடைத்திருக்கிறது.
எப்போதும் நான் காலியாய் விடுகிற அறை.
இருபத்திரண்டு போராக இருந்தால்
உடம்பு நுழைந்திருக்காது.
கோகிலவாணிக்கு இதைச் சொல்லணும்.

குப்புராஜ் ஈர்க்குச்சி எடுத்து வந்தார்.
வேண்டாமுங்க என்று கையெழுத்துப் போட்டேன்.

பீரோவில் வைத்துப் பூட்டணும், அதுதான் விதி.
பூட்டிவிட்டால் உள்ளே இருப்பது எப்படி வெளியே வரும்?
அதனால் அந்த அறையைத் திரும்பக் குழலுக்கு நேராக்கி,
மில் ஆபீஸ் மேசையில்
வாயை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து
எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
காவலுக்கென்று வாங்கினது;
நான் காவல்.
கணக்குப்பிள்ளை இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

இன்றோடு நாலு நாள்.
இன்னும் ஒன்றும் வெளியே வரவில்லை.