பொருத்தம்

கரடிப்போக்குச் சந்தியில்
டயர் ஒட்டுற கடைக்கு மேலே இரண்டு அறை.
கீழே காற்றடிக்கிற மெஷின் அலறினால்
கொழும்போடு கதைத்துக்கொண்டிருக்கும் நிறைமதி
போனைப் பொத்திக்கொண்டு
கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்துவாள்.
நான் அங்கே ஆறாவது ஆள்.
முதல் சம்பளம் இரண்டு தவணையில் வந்தது.

பொருத்தம் பார்க்கிற கம்பனி என்று
கல்யாணத் தரகர் ஒருவர் படியேறி வந்திருக்கிறார்,
குறிப்போடு.

பேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க
அவளிடம் ஒரு கதை இருந்தது:
கரண்ட் இல்லாத ஊர், சைக்கிள் டைனமோ,
ஜெனரேட்டர் ஓடுகிற இரண்டு மணித்தியாலம்,
பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர்.
கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள்.
கொடுக்காத கதை
செட்டிகுளம் முகாமில் இருந்தது.

அங்கே பெயர் பதிகிற மேசையில் இருந்தாள்.
குகதாசன். குகதாஸ். கூகதாசன்.
வேறு பாசை எழுத்தில் ஏறி இறங்கிக்
குகதாச.
ஒருத்தன் நாலு பேராகி
நாலு பட்டியலிலும் இல்லாமற் போகிற விதத்தை
ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கணக்காகப் போட்டாள்:
எந்த எழுத்து எதுவாய் வழுக்கும்,
எந்த இடத்தில் ஒரு 'ன்' உதிரும்.
குகதாசன் அவளுடைய தம்பி.

அந்தக் கொப்பிதான் கம்பனி.

ஒரு ஆஸ்பத்திரி வாங்கியது, காசு தரவில்லை.
பிறகு ஒரு லீசிங்காரர் வாங்கினார்கள்.
காசோலையின் சைபர்களை
டயர்க்கடை முதலாளி மேலே வந்து எண்ணிப் பார்த்தார்.
ஏசி பூட்டினோம்.

நாலாம் மாதம் நன்றிக் கடிதம் வந்தது:
பெயரை மாற்றி மாற்றி எழுதி
மூன்று இடத்தில் கிழமைக் கடன் எடுத்த பெண்கள்
நானூற்றுப் பதினேழு பேர் அகப்பட்டார்கள்.
மாதிரிக்கு முதற் பக்கம் இணைப்பு.
விசுவமடு. தருமபுரம். உடையார்கட்டு.

நிறைமதி வாய்விட்டு வாசித்தாள்,
பெயர் பெயராக,
முகாம் ஒலிபெருக்கி மாதிரி.
கீழே மெஷின் அலறியது. நிறுத்தவில்லை.

நீங்கள் நினைக்கிற மாதிரி
அவள் ஒப்பந்தத்தைக் கிழிக்கவில்லை.
பதினாலு பேருக்குச் சம்பளம்.
இன்னும் ஒரு வருசம் என்றாள்.
மூன்றாச்சு.
அன்றிரவு எல்லாரும் போனபிறகு
என்னிடம் ஒரு சின்ன மாற்றம் கேட்டாள்.
எழுபது வீதம் பொருந்தினால் ஒரே ஆள் என்றிருந்ததை
எண்பதாக்கு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
லீசிங்காரர் இன்றுவரை கவனிக்கவுமில்லை.
எத்தனை பேர் அந்தப் பத்து வீதத்துக்குள்
ஒளிந்துகொண்டார்கள் என்று
எங்களுக்கும் தெரியாது.

ஒரு பெயருக்கு மட்டும் தனி விதி உண்டு.
அவள் கையால் எழுதியது, நான் தொடுவதில்லை:
ஐம்பது பொருந்தினாலும் காட்டு.

இன்று காலை இரண்டு வந்திருந்தன.
ஒருவருக்கு எழுபத்து மூன்று வயது.
மற்றது, யாரோ கைதவறித் தட்டிய
வெற்றுப் பிழை.

இரண்டையும் திறந்து பார்த்துவிட்டுத்தான்
தேத்தண்ணி குடித்தாள்.