தண்ணீர் ஏறிய உயரம்

போர்த்தோ, ரிபெய்ரா.
ஓர் ஆள் மட்டும் நுழையும் சந்து.
மேலே யாருடைய போர்வையோ
என் வரைபடத்தின்மீது சொட்டுகிறது.

சாவி கொடுக்க வந்த ஃபெலிஸ்மினா
கதவு நிலையைக் காட்டினாள்:
டோரு ஆறு வந்து நின்ற உயரங்கள்,
கல்லில் வெட்டிய கோடுகள்.
மேல்கோடு என் நெற்றிக்கு நேர்.

"இதே நிலையில்தான் பென்சிலால்
என் மகனையும் அளந்துவந்தேன்.
ஆற்றைத் தாண்ட
நாலு விரற்கடைதான் பாக்கி இருந்தது."

வீட்டை வாங்கியவர்கள் வெள்ளையடித்தபோது
வெள்ளத்தை மட்டும் விட்டுவைத்தார்களாம்,
விருந்தாளிகள் படமெடுப்பார்களே.

எவரிஸ்து இப்போது எதிர்க்கரையில்
ஒயின் கிடங்கில் பீப்பாய் உருட்டுகிறான்.
எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

குதிகாலைத் தூக்கி
கோட்டுக்கு மேலே கையை வைத்தாள்.
சாவிக்கொத்து உரசி
சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.