கடைசிப் பன்னிரண்டு பைட்

நூலகம் என்றுதான் அதற்கும் பெயர்.
தட்டு இல்லை, தூசு இல்லை,
சத்தம் போடாதே என்ற பலகை இல்லை.
படங்களை மடித்து அடுக்கத் தெரிந்த
சில ஆயிரம் வரி சி மொழி.

வழக்கமாக அது கோப்பில் எழுதும்.
கோப்பே இல்லாத இடம் என்றால்
சிணுங்காது.
அப்ப நீயே ஒரு வழி எழுதித் தா, என்னும்.
இந்தா இருக்கிறது, இவ்வளவு பைட்,
கொண்டு போ.
எங்கே என்று விசாரிக்காது.
என்.சி. வீதியில் பஸ்சால் இறங்கினால்
ஆட்டோ ஸ்டாண்டுக்குள் மூன்று பேர்
எங்க போறியள் என்று கேட்கிற ஊரில்
இப்படியொரு குணத்தை நான்
முதல்முதல் கண்டது அதில்தான்.

யோகலிங்கத்தாரின் படகில் நாங்கள் பூட்டியது
சாப்பாட்டுப் பெட்டி அளவுக் கருவி.
வட்டு இல்லை. நினைவகம் ஒரு கைப்பிடி.
கொட்டியாரக் குடாவின் அடியை ஒலியால் தடவி
சாம்பல் வரிகளாய்ப் படம் பிடிக்கும்.
அதை ரேடியோவில் கரைக்கு எறிய வேண்டும்.
கரை என்றால்
பேக்கரிக்கு மேலே எங்கள் ஒற்றை அறை,
மூன்று மணிக்குப் பாண் வாசம்
படியேறி வரும் இடம்.

எழுதும் செயற்கூறை நான் எழுதினேன், பதினேழு வரி.
பைட்டுகளைச் சேர்க்கும்,
பொட்டலம் நிறைந்ததும் அனுப்பும்.
எதையும் திருப்பித் தராது.
தோற்றுவிட்டேன் என்று சொல்ல அதற்கு வாயில்லை.
தோற்றால், வந்த வழியே வராமல்
எல்லாவற்றையும் தாண்டிப்
பாய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் எண் நூற்று முப்பத்தேழு
கரையில் வந்து விழுந்தபோது
அஸ்மீர் மேசையில் குத்தினான்,
என் தேத்தண்ணி விசைப்பலகையில்.

நூலகம் இன்னுமொன்று கேட்டிருந்தது,
தேங்கியதைத் தள்ளிவிட ஒரு செயற்கூறு.
அதைக் காலியாக விட்டேன்.
ஒரு அடைப்பு திறக்கும், ஒரு அடைப்பு மூடும்,
நடுவில் காற்று.
தள்ள என்ன கிடக்கு, தானாப் போகும்தானே.

போகவில்லை.
மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு படமும்
அடி வெட்டுப்பட்டு வந்தது.
யோகலிங்கத்தார் திரையில் விரல் வைத்தார்:
"இதுக்குக் கீழதான் பிள்ளை பள்ளம் தொடங்குது.
என்ர வலை அங்கதான்."
பற்றரியைக் குற்றம் சொன்னோம். காற்றை.
கோட்டைப் பக்கத்தால் வந்த மான் ஒன்று
கீழ்க்கேபிளைச் சப்பியிருந்தது,
அதையும் மாற்றினோம், மானையும் ஏசினோம்.

கரண்ட் போன ஒரு இரவு
மடிக்கணினியின் மிச்ச வெளிச்சத்தில்
அந்த வெற்று அடைப்புகள் தெரிந்தன.
நிறையாத கடைசிப் பொட்டலம்
படகிலேயே குந்தியிருந்திருக்கிறது,
போ என்று ஒருவரும் சொல்லாமல்.
படம் முடியும்போதெல்லாம் நூலகம் கூப்பிட்டிருக்கிறது.
அந்த வீட்டில் ஆளில்லை.

நான்கு வரி எழுதினேன்.
அஸ்மீருக்குச் சொல்லவில்லை,
அவன் விடியக் கிண்ணியாவிலிருந்து
புது அன்ரனா கொண்டு வந்தான். பாவம்.

அடி வரிகள் வந்தன.
சரிவு, சரிவு, பிறகு கறுப்பு.
வலை இல்லை.
அதற்கும் பின்னால் பன்னிரண்டு பைட்:
நீளம் பூச்சியம்,
முடிவு என்று ஒரு பெயர்,
வந்தது சரிதானா என்று பார்க்க ஒரு எண்.

"அப்ப கடல் இதோட முடியுதோ?"
"இல்லை அண்ணை, படம்தான்."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு,
"இதை என்ர மகளுக்கு அனுப்பேலுமோ?"

ஏலும். அதே செயற்கூறு,
போய்ச் சேரும் முகவரி மட்டும் வேறு.
எங்கே என்று நூலகம் கேட்காது.
நான் கேட்டுவிட்டேன்.
"டோஹாவில," என்றார்,
சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து
எண்களை ஒவ்வொன்றாய் வாசித்தார்.
முடிந்ததும், என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.