இழுக்க வேண்டாம்

கத்தரிப்பு முடிந்த இரவு.
ரோமம் இழந்த ஆடுகள் வெளியே
ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் கத்திக்கொண்டிருக்க,
உள்ளே பதினோரு பேர்
சுருட்டி வேகவைத்த இறைச்சி தின்றோம்.
சுருளைக் கட்டியிருந்த பருத்தி நூலை
அவிழ்த்தவள் நான்.
கொழுப்பில் ஊறிய அதை
மூடி இல்லாத வாளியில் போட்டவளும் நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்காது.

மூன்றாம் நாள் செனீசா
மஞ்சளாகக் கக்கினாள்.
ஈரல் வைத்தேன்.
முகர்ந்துவிட்டு, விருந்து வீட்டில்
பசியில்லை என்பவர் மாதிரி நகர்ந்துகொண்டாள்.
அப்புறம் முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து
பின்பக்கத்தை உயர்த்தி நின்றாள்,
விளையாடக் கூப்பிடும் அதே நிற்பு.
நானும் ஒரு குச்சியை எறிந்தேன்.
இன்னும் அது விழுந்த இடத்தில்தான் கிடக்கிறது.

வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியபோது பார்த்தேன்:
நாக்கடியில் வளைந்து மாட்டிக்கொண்டு
தொண்டைக்குள் இறங்கியது நூல்.
ஒரு முனை மட்டும்
கடைவாயோரம், விரலுக்கு எட்டும்படி.

மேட்டில் ஏறினால்தான் போனுக்கு உயிர்.
நீரிணைக்கு அந்தப் பக்கம் புந்தா அரேனாசில்
மருத்துவர் யாஸ்னா எடுத்தாள்.
காற்று தின்றது போக மிச்சம் இவ்வளவு:
இழுக்க வேண்டாம்.
எண்ணெய் வேண்டாம். உப்பு வேண்டாம்.
கக்க வைக்க வேண்டாம்.
சாப்பாடு வேண்டாம்.
கொண்டு வா.

ஐந்து வேண்டாமுக்கு ஒரு வா.
அந்த வா-வுக்குத்தான் வழியில்லை.
போர்வெனிரில் துறையைக் காற்று மூடியிருந்தது.

பக்கத்துப் பண்ணை ஸ்வோன்கோ வந்தார்.
குனிந்து, நூலின் முனையை
இரண்டு விரலில் பிடித்தார்.
இவ்வளவுதானே என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன்.
விட்டுவிட்டார்.
"ஒரு தடவை இழுத்திருக்கிறேன்,
என் பழைய நாய்க்கு."
வந்ததா?
"நூல் வந்தது" என்றார்.
லாரியைக் கிளப்பப் போனார்.

வடக்கே குறுகலான துறைவரை
நூற்றைம்பது கிலோமீட்டர், பாதிக்கு மேல் சரளை.
ஒவ்வொரு குழிக்கும் அவள் முனகவில்லை.
முனகியிருக்கலாம்.
அங்கும் படகு நின்றிருந்தது.
வரிசையில் எங்களுக்கு முன் எட்டு வண்டிகள்.
விஷயம் எப்படியோ பரவி
விடிகாலை நாலு மணிக்குக் காற்று தணிந்தபோது
எட்டு வண்டியும் ஒதுங்கி வழிவிட்டன.
ஒருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை,
விளக்குகளை மட்டும்.

எக்ஸ்ரேயில் நூல் தெரியாதாம்.
ஸ்கேனில் தெரிந்ததும் நூல் இல்லை,
நூல் போட்ட கொசுவம்.
கயிற்றில் திரைச்சீலை ஒதுங்குவதுபோல
குடல் சுருங்கிச் சுருங்கி
தன்மேலேயே ஏறியிருந்தது.
"ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது.
குடல் மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.
இன்னொரு நாள் போயிருந்தால்
ரம்பம் மாதிரி அறுத்திருக்கும்.
இழுத்திருந்தால்..."
யாஸ்னா முடிக்கவில்லை.
ஸ்வோன்கோ தொப்பியின் விளிம்பில்
இல்லாத பிசிறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாக்கடியில் ஒரு நறுக்கு.
இரைப்பையில் ஒரு திறப்பு, குடலில் மூன்று.
எஃகுத் தட்டில் கொண்டுவந்து காட்டினாள்:
சாம்பல் நிறத்தில், சுருண்டு,
கையளவுகூட இல்லை.
நீட்டிப் பார்த்தால் என் உயரத்தில் பாதி.
நீட்டிப் பார்த்தேன்.
கட்டணம் ஒன்பது ஆட்டுக்குட்டி.
பணமாகத்தான் கொடுத்தேன்,
எண்ணியது குட்டிகளாக.

நாலாம் நாள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.
ஆறாம் நாள் செவிலிப் பையனின் காலுறையைப்
பார்த்த பார்வையில்
பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

திரும்பும் படகு.
கடல் எதுவுமே நடக்காத மாதிரி.
கழுத்தில் பிளாஸ்டிக் புனலோடு செனீசா
தளத்தில் சுருட்டி வைத்திருந்த
என் கை தடிமன் நங்கூரக் கயிற்றைக் கண்டுபிடித்தாள்.
புனல் இடிக்க இடிக்க,
வாலை ஆட்டிக்கொண்டு,
எந்தப் பக்கம் இதற்கு முனை என்று
சுற்றிச் சுற்றி வந்தாள்.
வாரை இரண்டு கையாலும்
இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.